நஞ்சப்ப மாமா நின்ற வளைவு

தனபாலைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மூன்று வருடம் அவனோடு ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச், ஓடுவதும் ஒரே தடம். அந்த மூன்று வருடத்தில் நான் பல்லைக் கடித்த கடியில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கிவிட்டது. பல் டாக்டர், "கரும்பு நெறைய கடிப்பீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க டாக்டர், தனபால்னு ஒரு ஃபிரண்டு இருக்கான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிய வைக்கிறேன்.

நான் அமீர் ஹம்சா. கோயமுத்தூர் உக்கடத்தில் என் அத்தாவுக்குப் பழைய இரும்புக் கடை. நான் ஓட வந்த கதை சின்னது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன். அதை எங்கள் உடற்கல்வி இயக்குநர் மயில்சாமி சார் பார்த்துவிட்டார். "பஸ்ஸ உட்டுட்ட. ஆனா ஓட்டம் பரவால்ல" என்று சொல்லி என் பெயரை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

தனபால் அப்படி இல்லை. அவன் ஓடுவதற்கென்றே பிறந்தவன். பெருந்துறைக்குத் தெற்கே வாய்க்கால் பாசனத்து ஊர் அவனுக்கு. முறைத் தண்ணீர் வரும் நாளில் மேலே யாராவது மடையைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டால், இவர்கள் காட்டுப் பயிருக்குத் தண்ணீர் நின்றுவிடும். மடைக்கு ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரம். பத்து வயதிலிருந்து அவனைத்தான் ஓட விடுவார்கள். ஓடிப் போவான். மற்றவர்களாக இருந்தால் மண்வெட்டியைத் தூக்கிச் சண்டைக்கு நிற்பார்கள். இவன், "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க, சித்த இப்புடித் திருப்பி உட்டுப்போடறேனுங்க" என்று மடையைத் திருப்பிய ஆளிடமே அனுமதி கேட்டு, அவர் கொடுக்கும் மோரையும் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் ஓடி வருவான். நுரையீரலும் மரியாதையும் அவனுக்கு ஒரே வாய்க்கால் கரையில் வளர்ந்தவை. நுரையீரலால் எனக்குத் தொந்தரவு இல்லை.

காலையில் நாங்கள் இருவரும் உக்கடம் பெரிய குளத்துக் கரையில் ஓடுவோம். கரை அகலமில்லை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் மூன்று மூன்று பேராகக் கைகோத்தபடி முன்னால் போவார்கள். நான் "சைடு, சைடு" என்று கத்திக்கொண்டு புகுந்து போய்விடுவேன். தனபால் அவர்கள் பின்னாலேயே, அவர்கள் நடக்கும் வேகத்துக்கு, நின்ற இடத்தில் குதிப்பவன் போல வருவான். அவர்களாகத் திரும்பிப் பார்த்தால், "ஏனுங்க, சித்த வழி உடறீங்களா?" என்பான். கடந்து போன பிறகும் விடமாட்டான். திரும்பிப் பார்த்து, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வேகம் எடுப்பான்.

ஒரு நாள் நாயோடு வந்த பெரியவர் ஒருவர், "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டுவிட்டார். தனபால் நின்றுவிட்டான். ஊரைச் சொன்னான். அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது இவனுடைய ஊருக்கு அடுத்த ஊர். போயிற்றா! நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன், மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சுற்று முடித்து வந்தேன், நாயைத் தனபால் பிடித்துக்கொண்டு நின்றான், பெரியவர் செருப்பில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பெருந்துறைப் பக்கத்தில், தெரிந்தவர் ஒருவரைக் கண்ணால் பார்த்துவிட்டால் 'வாங்க' என்று கேட்டுவிட வேண்டும். எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்தானே என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவிலும் ஸலாம் சொல்லாமல் போனால் முகம் சுளிப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அங்கே அப்படி இல்லை. கல்யாணப் பந்தலில் ஐந்நூறு பேர் நெரிசலில் ஒருவரை 'வாங்க' கேட்காமல் விட்டுவிட்டால், அவர் இலையில் உட்காராமல் அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிடுவார். அப்புறம் பத்து வருடத்துக்கு அந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வர மாட்டார். "வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல" என்று அவர் ஊர் ஊராகச் சொல்வார், ஊரும் அவர் பக்கம்தான் நிற்கும்.

அதுவும் வெறும் 'வாங்க' போதாது. 'வாங்க மாமா, எப்ப வந்தீங்க, அத்தை வல்லீங்களா, சாப்ட்டீங்களா' என்று நான்கும் சேர்ந்துதான் ஒரு 'வாங்க'. இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று மயில்சாமி சார் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறார். நாலு செகண்ட்.

"நாலு செகண்டு! நாலு செகண்டுல நீ இருவத்தஞ்சு மீட்டர் ஓடுவடா படுபாவி!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டது முதல் வருடப் போட்டிக்குப் பிறகு.

அந்தப் போட்டியைச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் எல்லாம் நேரு ஸ்டேடியத்தில் மோதும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதல் இரண்டு பேரைப் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். மூன்றாவது ஆளுக்குச் சான்றிதழும் ஒரு கைகுலுக்கலும். அணிக்குள் போனவன் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம், அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் போகலாம். தனபாலுக்கு வேலையை விட ஓட்டம்தான் முக்கியம். ஆனால் காட்டோடு வீட்டில் தறியும் வைத்திருந்த அவன் அப்பா கணக்காகச் சொல்லிவிட்டார்: "மூணு வருசம் ஓடு. டீம்ல எடுத்தாங்கன்னா மேக்கொண்டு எங்க வேணா போயி ஓடு. இல்லீன்னா ஊட்டுக்கு வந்து தறி ஓட்டு." இவன் "சரிங்கப்பா" என்றான். இவன் யாருக்குச் சரியென்று சொல்லாமல் இருந்தான்?

முதல் வருடம், 91-ல், மூன்றாவது சுற்றில் இவன்தான் முன்னால். பின்னால் வருகிறவனுக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம். அந்த நேரம் பார்த்து அவனுடைய பெரியப்பா சுப்பண்ணன், மோட்டார் காயில் கட்டக் கொடுக்கக் கோயமுத்தூர் வந்தவர், கம்பி வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் பார்த்துவிட்டான். வேகத்தைக் குறைத்தான். "வாங்க பெரீப்பா, எப்ப வந்தீங்க, பெரீம்மா வல்லீங்களா, சாப்ட்டீங்களா?" என்று நான்கையும் கேட்டான். பெரியப்பா சும்மா இருக்கிறாரா? "காயில் பொகஞ்சுபோச்சு கண்ணு" என்று ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டு ஓடுவது மரியாதை இல்லையாம். ஐந்தாவதாக வந்தான். மயில்சாமி சார் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார், எடுத்து மறுபடியும் அடித்தார்.

இரண்டாம் வருடம் சார் அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஓடி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. "சரிங்க சார்." அந்த வருடம் வந்தவர் நஞ்சப்ப மாமா. தனபாலின் அம்மாவுக்கு அண்ணன், தனபாலுக்கும் அவன் அக்காவுக்கும் தாய்மாமன். மருமகன் ஓடுவதைப் பார்க்கவென்றே பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறைய எள்ளுருண்டையோடு வந்து, கடைசி வளைவு தொடங்குகிற இடத்தில் வேலியோரமாக நின்றார். தனபால் பார்த்தான். சத்தியம் நினைவுக்கு வந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு கடந்து போனான்.

போனவன் ஒழுங்காகப் போனானா? கடைசி நூறு மீட்டரில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கவில்லை, மாமா கோபித்துக்கொண்டாரா என்று பார்த்தான். மூன்றாவதாக வந்தான். மூச்சிரைக்க வேலிக்கு ஓடிப் போய், "வாங்க மாமா, எப்ப வந்தீங்க?" என்றான்.

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எள்ளுருண்டை போனதில் எனக்கும் வருத்தம்.

அதற்கப்புறம் ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பொங்கலுக்கு வரவில்லை, மாரியம்மன் நோம்பிக்கு வரவில்லை. மூன்றாம் வருடம், 93 முடியும் சமயம், தனபாலின் அக்காவுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் இல்லாமல் அந்த ஊரில் கல்யாணம் எப்படி நடக்கும்? தனபாலும் அவன் அம்மா சாமியாத்தாளும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு மாமா வீட்டுக்குப் போனார்கள். மாமா அவர்களை 'வாங்க' கேட்கவில்லை. எருமையைப் பார்த்தபடியே நின்றாராம்.

கடைசியில் மாமா எருமையிடம் சொல்வது போலச் சொன்னாராம்: "இந்த வருசமும் ஓடறானல்லோ? அதே எடத்துல வந்து நிக்கறேன். ஓட்டம் ஆரமிச்ச பொறகுதான் வருவேன். ஓடறப்பக் கேக்கறானா பாக்கறேன். முடிச்சுப்போட்டு வந்து கேட்டாச் செல்லாது. அத்தன சனத்து முன்னால என்னையத் தெரியாதாட்ட போனான், அத்தன சனத்து முன்னாலதான் கேக்கோணும்."

சாமியாத்தாள் அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருக்கிறார். "நீ ஜெயி, ஜெயிக்காமப் போ. மாமன ஒரு வார்த்த கேட்டுப்போடு சாமி." இவன், "சரிங்கம்மா."

மறுநாள் மயில்சாமி சார் கூப்பிட்டார். "கடைசி வருசம். இந்த வாட்டி வாயத் தொறந்தீன்னா, அங்கியே வந்து சாத்துவேன்." இவன், "சரிங்க சார்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏன்டா, ரெண்டு பேருக்கும் சரீன்னு சொல்லிட்டு வந்திருக்கியே, எதைடா செய்யப் போற?"

"அதானுங்க ஹம்சா எனக்கும் வெளங்க மாட்டேங்குது."

"முடியாதுன்னு ஒரு வார்த்தை இருக்குடா. சொல்லிப் பழகு."

"பெரியவங்ககிட்ட எப்புடிங்க அதையச் சொல்றது?"

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. என்னிடமாவது ஒரு 'டா' போட்டுப் பேசக் கூடாதா? மாட்டான்.

ஒரு கல்லூரிக்கு இரண்டு பேர் ஓடலாம். இரண்டாவது ஆள் நான். என் வேலை என்னவென்று சார் தெளிவாகச் சொல்லியிருந்தார். முதல் இரண்டரைச் சுற்று முன்னால் வேகமாகப் போக வேண்டும், தனபால் என் பின்னால் வருவான். அதற்கப்புறம் நான் நிற்கலாம், படுக்கலாம், டீ குடிக்கப் போகலாம். "தனபாலு, நீ ஹம்சா முதுகத் தவிர எதையும் பாக்கக் கூடாது. வேலியப் பாக்காத, சனத்தப் பாக்காத. பாத்தாத்தானே கேக்கோணும்? பாக்கலைன்னா தப்பே இல்ல." இப்படி ஒரு சட்டம் பேசினார் சார். தனபாலுக்கும் அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. என் முதுகை ஒரு முறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான்.

போட்டி நாள் காலை சாமியாத்தாள் அம்மா ஐந்தடுக்கு டிபன் கேரியரோடு வந்து, மாமா நிற்கப்போகும் அதே வளைவில் முன்கூட்டியே இடம் பிடித்து நின்றுவிட்டார். துப்பாக்கி வெடித்தது. நான் முன்னால் போனேன். அந்த வளைவு, தொடங்கிய இடத்திலிருந்து நூறு மீட்டர்தான். முதல் தடவை கடக்கும்போது அம்மா மட்டும் நின்றார். மாமா இல்லை.

ஒரு சுற்று முடித்து இரண்டாவது தடவை அங்கே வந்தபோது, வேலியோரம் வெள்ளை வேட்டி தெரிந்தது. நான் அவரை அதற்கு முன் ஒரே முறை, தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் தெரிந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டு, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி விறைப்பாக நின்றார். பின்னால் தனபாலின் மூச்சுச் சத்தம் சீராகக் கேட்டது. என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது தடவையும் அப்படியே தாண்டினோம். மாமாவின் முகம் இறுகிக்கொண்டே போனது.

அதோடு என் வேலை முடிந்தது. நான் ஒதுங்கியிருக்க வேண்டும். எஞ்சினியரிங் காலேஜ் ராமுலு என்னைக் கடந்து முன்னால் போனான். நல்ல உயரம், நீளக் கால். அவன் பின்னாலேயே தனபாலும் என்னைக் கடந்தான். கடக்கும்போது "வாரேனுங்க" என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன், எனக்குக் களைப்பே இல்லை. காலில் பிடிப்பு இல்லை, நெஞ்சு எரியவில்லை. இது என்னடா கூத்து என்று நானே ஆச்சரியப்பட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினேன். கடைசிச் சுற்று மணி அடித்தது. முதலில் ராமுலு, அவன் தோளுக்குப் பக்கத்தில் தனபால், ஒரு மீட்டர் பின்னால் நான். எங்களுக்குப் பின்னால் வெகு தூரத்துக்கு யாரும் இல்லை. மயில்சாமி சார் மைதானத்துக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

இன்னும் இருநூறு மீட்டர். நான்காவது தடவையாக, கடைசித் தடவையாக, அந்த வளைவு. என் முதுகு முன்னால் இல்லாமல் போனதால் தனபாலின் கண்ணுக்கு வேலை இல்லை. அவன் கழுத்து மெல்ல வேலிப் பக்கம் திரும்புவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். முதலில் கழுத்து, அப்புறம் தோள், அப்புறம் கால் தளரும். எனக்குத் தெரியாதா அவனை? இன்னும் இரண்டு எட்டில் அவன் வேகம் குறைத்து, நான்கு கேள்வியும் கேட்டு, பதிலையும் நின்று கேட்டுவிட்டு வருவான். அம்மா சந்தோஷத்தில் கண்ணீர் விடுவார், அப்பா தறியில் உட்கார வைப்பார்.

அவன் தளர்ந்தால் இரண்டாவது இடம் எனக்கு. இந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அல்லாஹ்வுக்குப் பொறுக்காது. பளிச்சென்று வந்தது.

ஆனால் அதற்குள் மூன்று வருடத்து ஆத்திரம் முந்திக்கொண்டு தொண்டைக்கு வந்துவிட்டது. "வாங்க மாமா!" என்று நான் கத்தினேன். "எப்ப வந்தீங்க! அத்தை வல்லீங்களா! சாப்ட்டீங்களா!" நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் அதில் போட்டுக் கத்தினேன். ஸ்டேடியத்தில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த பிரமுகர் ஒருவர் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டாராம்.

தனபாலின் காதில் அது விழுந்தது. கேட்க வேண்டியதை யாரோ கேட்டாகிவிட்டது. அவன் கழுத்து நேரானது. பாருங்கள், அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ராமுலுவின் வெளிப்பக்கமாக, "சித்த வழி உடுங்க" என்று கேட்காமல், விடுவிடுவென்று போய்விட்டான். மூன்று மீட்டர் வித்தியாசத்தில் முதலாவது!

நான் காற்றில்லாத சைக்கிள் டயராக ராமுலுவைத் துரத்தினேன். அவனும் கடைசியில் தள்ளாடினான். கோட்டில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விழுந்தோம். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். ராமுலு இரண்டாவது. நான் அரை நெஞ்சு பின்னால், மூன்றாவது.

புல்லில் மல்லாந்து கிடந்தேன். வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு மீசை குனிந்தது. நஞ்சப்ப மாமா.

"இப்பத்தான் கண்ணு வந்தேன், பத்து நிமிசம் ஆவுது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அத்தை வல்ல. எரும கன்னு போட்டிருக்குது, ஊட்டுல ஆராச்சும் இருக்கோணுமல்லோ. நான் பஸ் ஸ்டாண்டுலயே ரண்டு இட்டிலி தின்னுபோட்டுத்தான் வந்தேன்." நான் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. பதில் சொல்லாமல் போவதும் மரியாதை இல்லை அல்லவா?

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஆமா, நீ ஆரு கண்ணு?" என்றார்.

எனக்குப் பேச மூச்சு இல்லை. பின்னாலேயே வேகுவேகென்று வந்த சாமியாத்தாள் அம்மா சொன்னார்: "நம்மூட்டுப் பையந்தானுங்கண்ணா. வேற ஆரு?"

"அதான பாத்தேன்" என்றார் மாமா. "மூச்செரப்புலயும் அத்தையக் கேட்டான் பாரு. வளத்துன கையி அப்புடி." என்னை வளர்த்த என் அம்மா அப்போது உக்கடத்தில் மீன் அலசிக்கொண்டிருந்திருப்பார். "செரி அம்மிணி, தையில நான் முன்னால வந்து நிக்கறேன். கவலய உடு" என்று தங்கையிடம் சொன்னார். தனபால் ஓடி வந்து "வாங்க மாமா" என்று தொடங்கினான். "கேட்டாச்சு, கேட்டாச்சு, நீ போயி மூஞ்சியக் கழுவு" என்று அவனைத் தள்ளிவிட்டார்.

மயில்சாமி சார் கையில் தாளோடு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார். "பத்துல ஒரு பங்கு செகண்டுடா" என்றார். "நாலு செகண்டு கத்துன நீ. கத்தாம ஓடியிருந்தீன்னா ரெண்டு பேருமே..." முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமாக அந்த இடம் தனபாலுக்கு வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வேண்டும் என்பது எனக்கே தெரியாது. கையில் வந்து, நழுவிப் போன பிறகுதான் தெரிந்தது. விட்டுக் கொடுத்தேன் என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம், நான் ஒன்றும் தியாகி இல்லை. இன்னொரு முறை அதே வளைவு வந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், உதட்டைத் தைத்துக்கொண்டு ஓடுவேன். முகத்தைப் புல்லில் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன்.

தனபால் அகில இந்தியப் போட்டிக்கு வடக்கே போனான், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மைதானத்தில் அவனுக்கு ஓர் உறவுக்காரர்கூட இல்லை. "ஏனுங்க, சித்த வழி உடுங்க" என்றால் முன்னால் ஓடுகிற ஒருவனுக்கும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாரையும் கேட்காமலே கடந்து போயிருக்கிறான். ஆறாவதாக வந்தான். அதுதான் அவன் வாழ்நாளிலேயே சிறந்த நேரம். அப்புறம் வேலையும் கிடைத்தது, இன்னும் ஆறு வருடம் ஓடினான். தறிப்பக்கம் போகவே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் ஸ்டேடியத்து மரத்தடியில் சாமியாத்தாள் அம்மா டிபன் கேரியரைப் பிரித்தார். தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். முதல் தட்டை என்னிடம் நீட்டினார். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"ஏங் கண்ணு, நீ எத்தனாவது வந்த?"

"மூணாவதுங்கம்மா."

"அத்தன பேரு ஓடுனதுல மூணாவதா!" அவர் முகம் மலர்ந்தது. "அதுக்குப் போயி ஆராச்சும் அழுவாங்களா? போன வருசம் தனபாலும் மூணாவதுதான வந்தான்? அடுத்த வருசம் நீயி மொதல்ல வருவ பாரு."

எங்களுக்கு அடுத்த வருடம் கிடையாது, அதுதான் கடைசி வருடம். தனபால் பெரியவர்களிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன். "அம்மா, அதில்லீங்க, ரண்டு பேரத்தான்..." என்று தொடங்கினான். தட்டுக்குக் கீழே கையை விட்டு அவன் தொடையைப் பிடித்துத் திருகினேன். "ஆ!" என்றான்.

"என்ன சாமி?"

"கட்டெறும்புங்கம்மா" என்றேன் நான். தனபால் என்னைப் பார்த்தான். அவன் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. எறும்பு கடித்ததற்கு இவ்வளவு பெரிய பையன் அழுகிறானே என்று அம்மா அவனைக் கிண்டல் செய்தார். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் முழுவதையும் சாப்பிட்டேன்.